சவுரி: முடியணியும் இன அடையாளமும்

தமிழில் தலைமயிருக்கு வழங்கும் பெயர்கள் பல. மகளிர்க்குக் கூந்தல், குழல், ஓதி, கதுப்பு, கூழை என்றும், ஆடவர்க்குக் குஞ்சி, பித்தை, குடுமி, பங்கி என்றும் பழம்புலவர் சொல்லை வேறுபடுத்தி ஆண்டனர். கூந்தலை முடிக்கும் வகையை ஐந்தாகப் பகுத்து ஐம்பால் என்றனர். இவை அனைத்திற்கும் பொதுவான மயிர் என்னும் சொல்லோ இன்று ஆசிரியர் வகுப்பறையில் சொல்லக் கூசும் சொல்லாகிவிட்டது. வள்ளுவர் கூசவில்லை. மானம் என்னும் அதிகாரத்தின் பத்துக் குறள்களுள் இரண்டில் அவர் மயிரையே உவமையாக்கினார். தம் நிலையினின்று தாழ்ந்தவர் தலையினின்று உதிர்ந்த மயிரை ஒப்பர் என்பது ஒன்று. மானம் காக்க உயிர் விடுவோர், மயிர் நீங்கின் உயிர் வாழாத கவரிமாவை ஒப்பர் என்பது மற்றொன்று. (கவரிமா என்பது இமயச் சாரலில் வாழும் சடைமாடு. அதனை மானாக்கி வளர்த்தது பிற்காலத்தார் கற்பனை.)

மானத்தைப் பேசவந்த இடத்தில் மயிர் ஏன் வந்தது? முடி உடம்பின் உறுப்பு. எனினும் வெட்டினால் வலிப்பதில்லை. ஊன் அழியும், முடி நெடுங்காலம் அழியாது. ஒருவர் தலையில் வளர்ந்ததை மற்றொருவர் எடுக்கலாம், விற்கலாம், அணியலாம். ஆகவே எடுத்த முடியைப் பற்றி, இது யாருடையது என்னும் கேள்வி எழுந்துகொண்டே இருக்கும். அக்கேள்வியை ஓர் இனத்தார்மேல் ஏற்றிக் கேட்டால் என்ன நேரும் என்பதற்கு வரலாற்றில் சான்றுகள் உள்ளன. பள்ளிப் பதிவு முதல் ஒவ்வொரு பாரத்திலும் இனம் என்னும் கட்டத்தை நிரப்பிப் பழகிய மலேசியத் தமிழர்க்கு அச்சான்றுகள் தொலைவான செய்திகள் அல்ல.

முதற்கண் சங்க நூல்களை நோக்குவோம். பதிற்றுப்பத்தின் 43ஆம் பாடலில் கவரிமாவின் மயிரைக் கொண்டையில் சேர்த்து முடித்த சேரநாட்டு மகளிர் காணப்படுகின்றனர். வடவரையின் விலங்கு மயிர் தென்கோடிப் பெண்களின் தலைக்கு அணியாக வந்துசேர்ந்தது வணிகத்தின் பெருமை. அதே நூலின் ஐந்தாம் பதிகத்தில் இதற்கு நேர்மாறான காட்சி ஒன்று உண்டு. சேரன் செங்குட்டுவன் பழையன் என்பானை வென்று, அவன் மனைவியரின் கூந்தலைக் கொய்து கயிறாகத் திரித்து, அக்கயிற்றால் யானைகளை வண்டியில் பூட்டினான் என்கிறது பதிகம். கூந்தல் முரற்சி என்பது அக்கயிற்றின் பெயர். நன்னனும் இச்செயலைச் செய்தான் என்று நற்றிணை 270ஆம் பாடலில் பரணர் குறிக்கிறார். கொடுமைக்கு அளவுகோலாகவே அதனைச் சொல்கிறார். தோற்றவன் நாட்டில் பொன்னும் களிறும் கொள்ளப்பட்டன. அவை போதாவென்று பெண்களின் முடியும் கொள்ளப்பட்டது. முடியைக் கொண்டு ஒரு குடியை இழிவுபடுத்தலாம் என்பதை நம் முன்னோர் நன்றாக அறிந்திருந்தனர். செங்குட்டுவனின் பத்தினிக் கோயிலை விரித்துப் பாடம் நடத்தும் நாம் இக்கயிற்றை விரைந்து கடந்துவிடுகிறோம் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

முடியையே பொருளாகக் கொண்டு நகை செய்த கலை ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டில் பெருகியது. வட்டமான சிறு மேசை ஒன்றின் நடுவே துளை இருக்கும். சோடா உப்பிட்ட நீரில் வேகவைத்து எண்ணெய்ப் பசை போக்கிய முடியைச் சிறு சிறு இழைகளாகப் பிரித்து, நுனிகளில் ஈயக் குண்டுகளைக் கட்டி மேசை விளிம்பில் தொங்கவிடுவர். இழைகளை மாற்றி மாற்றிப் பின்னப் பின்ன, நடுத்துளை வழியாகக் கயிறு போன்ற பின்னல் கீழிறங்கும். அதற்குப் பொற்பூண் இட்டுச் சங்கிலியும் கைவளையும் காதணியும் செய்தனர். சுவீடன் நாட்டின் வோம்ஹூஸ் என்னும் ஊர்ப் பெண்கள் இத்தொழிலைக் கற்று, ஊர் ஊராக நடந்து ஐரோப்பா முழுவதும் வேலை செய்து பிழைத்தனர். 1861இல் கணவர் ஆல்பர்ட்டை இழந்த விக்டோரியா அரசி அவர் முடி பதித்த நகைகளை அணிந்ததால், இங்கிலாந்தில் துயரணியாக அது மேலும் பரவியது.

இந்நகைகளை அணிந்தோர்க்கு ஓர் அச்சம் இருந்தது. இறந்த மகளின் முடியைத் தட்டானிடம் கொடுத்தால், அதனையே பின்னித் தருவானா? நீளமும் நிறமும் நன்றாக உள்ள வேறொருத்தியின் முடியைச் சேர்த்துவிடுவானா? அந்நாளில் ஏழை உழவர் வீட்டுப் பெண்களின் கூந்தல் சந்தைகளில் விலைக்கு வாங்கப்பட்டதால் இவ்வையம் பொய்யானதன்று. பெண்கள் தாமே வீட்டில் முடி பின்னக் கற்றுக்கொள்ளுமாறு அக்கால மகளிர் இதழ்கள் எழுதின. யாருடைய முடி என்பதில்தான் அந்நகையின் விலை இருந்தது.

நம்மவர் இவ்வகை நகை செய்தாரா எனின், விலங்கு முடியால் செய்தார் என்பதே முதல் விடை. யானை வாலின் தடித்த கருமயிரைப் பொன்னில் கட்டிய மோதிரமும் காப்பும் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இலங்கையிலும் நெடுங்காலம் அணியப்பட்டன. குழந்தைகளின் இரவு அச்சத்தை நீக்கும் என்பது நம்பிக்கை. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டமும், 1977இல் யானை அதன் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டதும் அவ்வணிகத்தைக் குற்றமாக்கின.

மனித முடியைப் பொறுத்தவரை நம் மரபு வேறு. உதிர்ந்த முடி தீட்டு. சோற்றில் விழுந்தால் இலையை விட்டு எழுந்துவிடுவோம். ஆயினும் அதே முடி காணிக்கையாகும்போது தூய்மை பெறுகிறது. பழனியிலும் திருப்பதியிலும், இந்நாட்டில் தைப்பூச நாளில் பத்துமலையிலும், நேர்ந்துகொண்டோர் முடியிறக்குகின்றனர். தீட்டுக்கும் காணிக்கைக்கும் நடுவே, எவரும் பெரிதாக எண்ணாத ஒரு பொருள் உண்டு. அதுவே சவுரி.

கவரி, சமரி, சவரி என்பவை சடைமாட்டையும் அதன் மயிரையும் குறிக்கும் சொற்கள். சவரியே பேச்சில் சவுரி ஆயிற்று. சடைமாட்டு மயிர் கிட்டாத குடிகளில் பெண்கள் தம் முடியையே சவுரியாக்கினர். சீவும்போது சீப்பில் வரும் முடியை விரலில் சுற்றிச் சுருளாக்கிக் கூரை இடுக்கிலோ சுவர்ப் பொந்திலோ செருகிவைப்பர். ஒரு கைப்பிடி சேர்ந்ததும் அதைப் பிரித்து நீவி, வேர்ப்பக்கம் ஒன்றாக இருக்கும்படி அடுக்கி, மூன்று கற்றையாக்கித் தலைப்பில் நூலால் இறுக்கக் கட்டுவர். பின்னலோடு பின்னலாகச் சேரும் இச்சவுரியின் நுனியில் பட்டுநூற் குஞ்சம் தொங்கும். வசதியுள்ளவர் குஞ்சத்தில் வெள்ளிச் சலங்கை வைப்பர். மேலே ராக்கொடி, நடுவே சடைவில்லை, செல்வர் வீட்டிலும் ஆடல் மகளிரிடத்தும் சடைநாகம். பொன்னணிகளின் பட்டியலில் சவுரிக்கு இடமில்லை. ஆனால் அப்பொன்னணிகள் நிற்பதற்கு நீளமும் பருமனும் தந்தது அதுதான். வறியவள் வீட்டில் அதுவே தனியாக நின்று அணியாகவும் இருந்தது. முடியால் செய்த தமிழ் நகை யாதெனின் சவுரியையே சுட்டுவேன்.

இனி, சவுரியைக் கடல் கடந்து கொண்டுவந்த பெண்களின் நிலத்துக்கு வருவோம். கோலா குபு பாரு மலையடிவாரத்து ஊர். பழைய கோலா குபு ஈயச் சுரங்க நகரம். 1883இல் அணை உடைந்து மாவட்ட அதிகாரி சிசில் ரேங்கிங் உள்ளிட்டோர் மாண்டனர். சுரங்க மணல் ஆற்றை மேடாக்க, 1920களில் வெள்ளம் மீண்டும் மீண்டும் புகுந்தது. அதன் பின்னரே சார்லஸ் ரீட் என்னும் நகரமைப்பாளரின் திட்டப்படி மேட்டு நிலத்தில் பாரு, அதாவது புதிய ஊர் எழுந்தது. அதனைச் சூழ்ந்து ராசா, பத்தாங் காலி, கெர்லிங், கலும்பாங் எனத் தொடங்கி மேற்கே பத்தாங் பெர்ஜுந்தை, புக்கிட் ரோத்தான் வரை ரப்பர் தோட்டங்கள். சுரங்கத்தில் சீனர், தோட்டத்தில் தமிழர், ஆற்றோரக் கம்பங்களில் மலாய்க்காரர், மேலே காட்டில் தெமுவான் பழங்குடியினர் என்று நால்வகை மக்கள் ஒருவரை ஒருவர் கண்டனர். ஆடையையும் உணவையும் போலவே முடியும் அவரவர் அடையாளமாகக் கண்ணில் பட்டது.

சீன ஆடவரின் நீண்ட பின்னல் அவர்களாக விரும்பி ஏற்றதன்று. 1645இல் மஞ்சூரிய அரசு ஆன் சீனர்மேல் சுமத்திய அடிமைக்குறி அது. முன்தலையை மழிக்க மறுத்தவன் தலையையே இழந்தான். இரண்டரை நூற்றாண்டு கழிந்தபின் அதே பின்னல் சீனரின் இனப் பெருமையாகி, வெட்டினால் மானக்கேடு என்னும் நிலை வந்தது. நீளம் போதாதபோது கரும்பட்டு நூலைச் சேர்த்துப் பின்னினர். நம் சவுரிக்கு அது உடன்பிறப்பு. 1898 அளவில் சிங்கப்பூரில் லிம் பூன் கெங் முதலியோர் பின்னலைக் களையும் இயக்கம் தொடங்கினர். 1911ஆம் ஆண்டுப் புரட்சியோடு அது பெரும்பாலும் மறைந்தது. அக்காலத் தமிழாடவரின் குடுமிக்கும் காலப்போக்கில் இதுவே கதி.

தோட்டப் பெண்ணின் கூந்தலுக்கு அத்தகைய இயக்கம் எதுவும் இல்லை. விடியுமுன் பெரட்டுக்குப் போகிறவள் தேங்காய் எண்ணெய் தடவி இறுக்கிக் கொண்டையிட்டுத் துணியால் கட்டிக்கொண்டாள். பால்மரத்தின் கறையும் கொசுவும் முடிக்குப் பகை. பின்னலும் சவுரியும் குஞ்சமும் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் உரியவை. கூலியாக எண்ணிக்கையில் அடங்கிப்போன ஒருத்தி, மாரியம்மன் திருவிழா நாளில் இடுப்பைத் தொடும் சடையோடு லயத்து வாசலில் இறங்கி வந்தாள் எனின், அதனை வெறும் ஒப்பனை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

இதே காலத்தில் இம்மலைகளை வேறு வகையாகப் பார்த்தவர்கள் இருந்தனர். சிலாங்கூர் அரசுப் பணியில் இருந்த வால்டர் வில்லியம் ஸ்கீட், சார்லஸ் ஓட்டோ பிளாக்டனோடு சேர்ந்து மலாய்த் தீபகற்பத்தின் பழங்குடிகளைப் பற்றி எழுதிய பெருநூல் 1906இல் இரு தொகுதிகளாக வெளிவந்தது. அதில் பழங்குடிகள் முடியைக் கொண்டே மூன்றாக வகுக்கப்பட்டனர். கம்பளி போல் சுருண்ட முடியினர் செமாங்; அலைமுடியினர் சக்காய்; நேர்முடியினர் ஜக்கூன். தெமுவான் மக்கள் மூன்றாம் வகையில் வைக்கப்பட்டனர். சக்காய் என்பது அடிமை என்னும் இழிபொருள் ஏறிய சொல். ஒராங் அஸ்லி என்னும் பெயர் அரசு வழக்கில் நிலைபெற்றது 1960களில்தான். நூல் உழைப்பு மிக்கது. பல செய்திகளை அழிவினின்று காத்தது. ஆனால் மனிதனை மயிரால் வகுக்கும் அதன் அடித்தளம் ஸ்கீட் கண்டுபிடித்ததன்று. நேர்முடியினர், சுருள்முடியினர் என மாந்தரைப் பிரிக்கும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரெஞ்சு அறிஞர் போரி தெ சேன் வென்சானிடம் காணப்படுகிறது. அது உலகெங்கும் பரவியது. சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக 1885 முதல் 1908 வரை இருந்த எட்கர் தர்ஸ்டன், நம் முன்னோர் புறப்பட்டு வந்த அதே மாவட்டங்களின் மக்களை மூக்கும் மண்டையும் அளந்து 1909இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார்.

இவ்வளவைகளின் உச்சத்தில் ஒரு கருவி உண்டு. ஜெர்மானியரான ஆய்கன் ஃபிஷர் முடி நிறங்களை ஒப்பிடுவதற்காக நிறம் நிறமான இழைக் கற்றைகளை வரிசையாகப் பதித்த மாதிரிப் பலகை ஒன்றை உருவாக்கினார். நகைக்கடையில் மோதிரங்களை அடுக்கிய பேழை போலவே அது தோன்றும். 1908இல் தென்மேற்கு ஆப்பிரிக்காவின் ரெஹோபோத் என்னும் ஊரில் கலப்பின மக்களை அளந்தவர் இவர். இவருடைய கொள்கைகள் பின்னர் நாஜிகளின் இனச் சட்டங்களுக்குத் துணையாயின. தென்னாப்பிரிக்காவில் 1950ஆம் ஆண்டின் மக்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் இனத்தை முடிவுசெய்ய அதிகாரிகள் சில வேளை பென்சில் ஒன்றை முடியில் செருகிப் பார்த்தனர். விழுந்தால் வெள்ளையர், நின்றால் அல்லர். ஒரே வீட்டில் பிறந்தோர் வேறு வேறு இனமாயினர். அச்சட்டம் 1991இல் நீக்கப்பட்டது. கூந்தல் முரற்சியில் வெட்டிய முடி இழிவுக் கருவியாயிற்று. இங்கே வெட்டவும் தேவைப்படவில்லை.

அளந்தவர் கண்ணில் பட்ட செமாங் பெண்களின் தலையில் மற்றொன்றும் இருந்தது. மூங்கிலில் நுண்கோலம் கீறிய சீப்பு. ஒவ்வொரு கோலமும் ஒரு நோயைத் தடுக்கும் காப்பு என்று சேகரித்தவர்களே எழுதிவைத்துள்ளனர். அவ்விளக்கங்களில் எத்துணை சரி என்பது பின்வந்தோரால் ஐயுறப்பட்டது. சீப்பும் கோலமும் மெய். வந்தவர் அம்முடியில் இனத்தைப் படித்தார். அதற்கு உரியவளோ அதில் தன் உடல்நலத்தையும் அழகையும் செருகி வைத்திருந்தாள்.

இழிவுக்குக் காரணமான முடியையே அணியாக்கி விடை சொல்வது ஆப்பிரிக்க வழியினர் வரலாற்றில் விளக்கமாகக் காணக் கிடக்கிறது. 1786இல், ஸ்பானிய ஆட்சியிலிருந்த லூயிசியானாவின் ஆளுநர் எஸ்தெபான் மீரோ, கறுப்பினப் பெண்களும் கலப்பினப் பெண்களும் தலைமுடியைத் துணியால் மூடவேண்டும் என்று ஆணையிட்டார். வெள்ளைப் பெண்களோடு அழகில் அவர்கள் போட்டியிடாதிருக்க வேண்டுமாம். பெண்கள் மூடினர், ஆனால் பளபளக்கும் துணியைக் கோபுரமாகச் சுற்றி அதில் மணியும் இறகும் பதித்தனர். ஆணையே அணியாயிற்று. நம் காலத்தில் இவ்வழியை அமெரிக்கக் கலைஞர் சோன்யா கிளார்க் தொடர்கிறார். 1967இல் வாஷிங்டனில், கரீபியத் தீவுகளிலிருந்து வந்த பெற்றோர்க்குப் பிறந்தவர். மனித முடியை உருட்டி மணியாக்கி மாலை கோத்தவர். முடியால் மாலைமகுடம் செய்தவர். விக்டோரியா காலத்து முடிநகை தனி ஒருவரின் நினைவைச் சுமந்தது. இவருடைய மாலை சுமப்பது ஒரு மக்களின் பெயரை. கம்பளிமுடி என்று அளவைப் பலகையில் கடையிடம் பெற்ற அதே முடி, கழுத்துக்கு அணியாகிறது. 2014இல் இவர் நடத்திய சிகைக் கைவினைத் திட்டத்தில் முடி திருத்தும் பெண்களே கலைஞர்களாகத் தம் பின்னல்களைக் காட்சிக்கு வைத்தனர். இயற்கை முடிக்கோலத்துக்காகப் பள்ளியிலும் வேலையிடத்திலும் ஒதுக்குவதைத் தடுக்கும் சட்டத்தை 2019இல்தான் கலிபோர்னியா இயற்றியது என்பதை நினைத்தால், அம்மாலை ஏன் தேவைப்பட்டது என்பது விளங்கும்.

நம் முடிக்கு நேர்ந்தது இதற்கு எதிரானது. அது இழிவுபடவில்லை, பெயரை இழந்தது. 1960களின் நடுவில் அமெரிக்க அரசு பொதுவுடைமைச் சீனாவின் முடிக்குத் தடைவிதித்தபோது, பொய்முடி செய்வோர் இந்திய முடியை நாடினர். கோயில்களில் இறக்கிய காணிக்கை ஏலத்துக்குப் போய் ஏற்றுமதிப் பொருளானது. வாங்கும் நாட்டுக் கடையில் அது பிரேசில் முடி என்றும் பெரு முடி என்றும் பெயர் பூண்டு விற்கப்படுவது உண்டு. 2004ஆம் ஆண்டு மே மாதம் அதன் பிறப்பிடம் ஒருமுறை வெளிப்பட்டது. மணமான யூதப் பெண்கள் அணியும் பொய்முடியில் இந்தியக் கோயில் முடி கலந்துள்ளதென்றும், வேற்றுத் தெய்வத்துக்குப் படைத்ததாகையால் ஆகாதென்றும் சமயத் தலைவர் எல்யாஷிவ் தீர்ப்பளித்தார். இஸ்ரேலிலும் நியூயார்க்கின் புரூக்ளினிலும் பொய்முடிகளைத் தெருவில் குவித்து எரித்தனர். முடியிறக்கிய பெண் அதனை அறிந்திருக்க வழியில்லை.

கோலா குபு பாருவிலும் கோலா சிலாங்கூரிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனையாக மாறியும், லயத்து மக்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்தனர். கூரை இடுக்கில் முடிச்சுருள் செருகும் வழக்கமும் அவ்வீடுகளோடு போயிற்று. முதலில் நைலான் சவுரி வந்தது. இப்போது கல்யாணத்துக்குப் பூவும் கல்லும் பதித்த சடை ஆயத்தமாகக் கிடைக்கிறது. மெய்ம்முடி வேண்டுவோர்க்கு அதுவும் கிடைக்கிறது. உலகின் முடிச்சரக்கில் பெரும்பகுதி சீனாவின் ஹெனான் மாநிலத்துச் சூச்சாங் போன்ற நகரங்களில் கழுவிப் பதப்படுத்தப்பட்டு வெளியேறுகிறது. ஆகவே மணப்பெண் தன் பின்னலில் சேர்க்கும் முடி பழனியிலோ திருப்பதியிலோ ஒருத்தி இறக்கிய காணிக்கையாக இருக்கவும் கூடும். விற்பவர்க்கு அது தெரியாது. பொட்டலத்தில் அங்குலக் கணக்கு மட்டும் அச்சிட்டிருக்கும். அவள் பாட்டியின் சவுரியோ பாட்டியின் தலையிலேயே வளர்ந்தது.